ஆற்றங்கரையில் ஒரு மாணாக்கன்: "சித்தார்த்தன்" நாவலும் மதுரகவிகள் காட்டிய நெறியும்

பொதிய மலையிலே தோன்றி, பாபநாசத்திலே தரையிறங்கி, நெல்லைச் சீமையை நெல்லும் வாழையுமாகச் செழிக்கச் செய்து, புன்னைக்காயல் அருகே கடலொடு கலப்பது தண்பொருநை என்னும் தாமிரபரணி. அந்நதியின் கீழ்ப்பகுதியில், ஸ்ரீவைகுண்டம் முதலாகத் திருக்குருகூர் ஈறாக, இரு கரைகளிலும் ஒன்பது திவ்யதேசங்கள் அமைந்துள்ளன. இவற்றை நவதிருப்பதி என்று அடியார்கள் போற்றுவர். வைகாசி விசாக உற்சவத்தில் ஒன்பது எம்பெருமான்களும் கருடவாகனத்தில் எழுந்தருள, ஹம்ஸ வாகனத்தில் எழுந்தருளும் நம்மாழ்வார் அவர்களை மங்களாசாஸனம் செய்யும் காட்சியைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிகின்றனர்.

அக்கூட்டத்தின் ஓரத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் நிற்பதாகக் கொள்க. நெல்லையிலோ பாளையங்கோட்டையிலோ பயில்பவன். தந்தையாரின் சொல்லைத் தட்ட மாட்டாமல் திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஏறி, ஆழ்வார்திருநகரியில் இறங்கியவன். கோஷ்டியில் திருவாய்மொழி சேவிக்கும் ஒலி கேட்கின்றது. ஆயினும் அவன் உள்ளம் அங்கே இல்லை. அவன் கைப்பையில் ஒரு சிறு நூல் இருக்கின்றது. அதனை இரவெல்லாம் விழித்துப் படித்து முடித்திருக்கிறான். 'மெய்யறிவைப் பிறர் கற்பிக்க இயலாது. ஒவ்வொருவனும் தானே கண்டறிதல் வேண்டும்' என்பது அந்நூலிலிருந்து அவன் பெற்ற முடிவு. அங்ஙனமாயின், வழிவழியாக ஓதப்பட்ட பாசுரங்களை மீண்டும் ஓதுவதனால் விளையும் பயன் யாது? ஆசார்யன் எதற்கு? திருவிழா எதற்கு?

இத்தகைய வினாக்களைக் கேட்டவுடன் முதியோர் சிலர் சினங்கொள்வர். சிலர் பிள்ளை கைவிட்டுப் போயினன் என்று அஞ்சுவர். இரண்டுமே வேண்டுவதில்லை. அந்நூலை முழுவதும் ஊன்றிக் கற்றால், அது அவனை எங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றது என்பது புலனாகும். அவன் நிற்கும் அவ்வூரே அவ்வினாக்களுக்கெல்லாம் நெடுங்காலத்திற்கு முன்னரே இடமளித்த ஊர் என்பதும் விளங்கும்.

நூலும் ஆசிரியரும்

அந்நூல் "சித்தார்த்தன்". இயற்றியவர் ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. அவர் 1877-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கால்வ் என்னும் சிற்றூரில் பிறந்தவர், 1946-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர், 1962-இல் மறைந்தவர். "சித்தார்த்தன்" 1922-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழில் இதனைக் கவிஞர் திருலோக சீதாராம் மொழிபெயர்த்துள்ளார்.

மேலைநாட்டார் ஒருவருக்கு இந்நாட்டு ஞான நாட்டம் எங்ஙனம் உண்டாயிற்று? அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் என்பவர். 1872-இல் மலையாள மொழிக்குப் பேரகராதி ஒன்றை வெளியிட்ட பெரும்புலவர் அவரே. கிறிஸ்தவ சமயப் பணிக்காக 1836-ஆம் ஆண்டில் இந்தியா வந்த குண்டர்ட், மங்களூருக்கும் மலபாருக்கும் செல்லுமுன் சில காலம் திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் பயின்றார். அவருடைய மகளார் மேரி பிறந்தது 1842-இல், தலைச்சேரியில். அம்மகளாரின் மைந்தரே ஹெஸ்ஸே. தாயகம் திரும்பிய பாட்டனாரின் இல்லத்தில் இருந்த இந்திய நூல்களும் பொருள்களும், அங்கே பேசப்பட்ட கதைகளும் சிறுவனின் நெஞ்சில் பதிந்தன. பாட்டனார் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படித்த மண் இந்தப் பொருநை பாயும் மண்ணே என்னும் செய்தி, நெல்லை மாணவனுக்கு ஒரு தனி உரிமையை அளிக்கின்றது.

1911-ஆம் ஆண்டில் ஹெஸ்ஸே கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். இலங்கையையும் சிங்கப்பூரையும் சுமத்திராவையும் கண்டார். தாயார் பிறந்த மலபாரைக் காணாமலே திரும்பினார். நாவலின் முற்பகுதியை எழுதியபின் ஒன்றரை ஆண்டளவு அவருடைய எழுதுகோல் ஓடவில்லை. துறவியின் துன்பத்தை எழுத முடிந்தவருக்கு, அத்துன்பத்தை வென்றவனின் நிலையை எழுதும் அனுபவம் அப்போது வாய்க்கவில்லை. இதனை மாணவன் குறித்துக்கொள்ளுதல் நன்று. தான் அடையாத நிலையை அடைந்ததாக எழுதாமல் நிறுத்திக் காத்திருந்தது அவ்வாசிரியரின் நேர்மை.

கதைச் சுருக்கம்

தலைப்பைக் கண்டு இது புத்தர்பிரானின் வரலாறு என்று பலர் எண்ணுவர், அன்று. புத்தர் இதில் கோதமர் என்னும் பெயரோடு வேறாகவே வருகின்றார். கதைத்தலைவன் சித்தார்த்தன் ஓர் அந்தணரின் மகன். வேள்வியும் வேதமும் அறிந்தவன்; ஆயினும் நிறைவு பெறாதவன். துறவு பூணத் தந்தையிடம் விடை கேட்கிறான். தந்தை மறுக்க, இரவு முழுவதும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். விடியற்காலையில், மகனின் உள்ளம் முன்னரே புறப்பட்டுச் சென்றுவிட்டது என்பதை உணர்ந்து தந்தை விடையளிக்கிறார். தோழன் கோவிந்தனும் உடன் செல்கிறான்.

இருவரும் மூன்று ஆண்டுகள் காட்டுத் துறவியரோடு தவம் புரிகின்றனர். பின்னர் கோதமரைக் காண்கின்றனர். கோவிந்தன் அவரைச் சரணடைகிறான். சித்தார்த்தனோ அவருடைய பெருமையை ஒப்புக்கொண்டும், அவர் ஞானம் பெற்ற கணத்தில் அவருக்கு நேர்ந்ததை எந்தப் போதனையும் தனக்குத் தர இயலாது என்று கூறி விலகிச் செல்கிறான். அளவு கடந்த சாமர்த்தியத்தைக் குறித்து விழிப்பாயிரு என்று கோதமர் எச்சரித்து விடுக்கின்றார்.

ஆறு ஒன்றைக் கடந்து நகரம் புகும் சித்தார்த்தன், கமலா என்னும் கணிகையிடமும் காமசுவாமி என்னும் வணிகனிடமும் பழகி, பொருளும் சூதும் மதுவுமாகப் பல ஆண்டுகளை இழக்கிறான். வெறுப்பு மேலிட்டு ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, அதே ஆற்றங்கரையில் உயிரை விடத் துணிகிறான். அவ்வேளையில் அவன் உள்ளத்தின் ஆழத்திலிருந்து பிரணவம் எழுந்து அவனைத் தடுக்கின்றது. முன்பு தன்னைக் கரை சேர்த்த ஓடக்காரரான வாசுதேவரிடம் பணியாளாய் அமர்கிறான். எழுத்தறிவைப் பெருமையாகக் கொள்ளாத அப்பெரியவரிடமிருந்து ஆற்றின் ஒலியைச் செவிமடுக்கக் கற்கிறான். பின்னர் கமலா பாம்பு தீண்டி இறக்க, அவர்களுடைய மகன் அவனிடம் வந்து சேர்கிறான். சேர்ந்த மகன் தந்தையை வெறுத்து ஓடிப்போகிறான். அந்தப் புண்ணோடு ஆற்றை நோக்கும்போது, நீரில் தன் தந்தையின் முகத்தையே காண்கிறான். அவரைத் தான் விட்டுச் சென்றபோது அவர் பட்டது இதுவன்றோ என்று உணர்கிறான். அதன்பின் ஆற்றின் ஆயிரம் குரல்களும் ஒரே பிரணவமாய் ஒலிக்கக் கேட்டு அமைதி பெறுகிறான். இறுதியில் முதியவனான கோவிந்தன் வருகிறான். நண்பனின் நெற்றியில் இதழ் பதித்த அளவில் அவனுக்கும் அக்காட்சி கிட்டுகின்றது.

முதல் வினா: இல்லம் விட்டு ஏகுதல் பிழையா?

மாணவன் எழுப்பும் முதல் வினா இது. நூலைப் படித்த இளைஞர்கள் இரவு முழுவதும் நின்ற சித்தார்த்தனையே தம் உருவமாகக் காண்கின்றனர். பெற்றோர் அதனைக் கண்டு கலங்குகின்றனர்.

ஆனால், பிள்ளை வீட்டை விட்டு ஏகும் காட்சி இப்பொருநைக் கரைக்குப் புதியதன்று. திருவாய்மொழியின் ஆறாம் பத்தில் திருக்கோளூரைப் பாடும் திருப்பதிகம் ஒரு தாயின் குரலில் அமைந்தது. எம்பெருமானையே உணவாகவும் நீராகவும் எண்ணியிருந்த மகள், சொல்லாமல் புறப்பட்டுத் திருக்கோளூருக்குச் சென்றுவிட்டாள். வெறிச்சோடிய வீட்டிலிருந்து தாய் புலம்புகிறாள்: அங்கே எப்படிப் புகுவாள், என்ன நிலையில் நிற்பாள், எங்களை நினைப்பாளோ என்று. அதே பத்தில் தொலைவில்லிமங்கலத்தைப் பாடும் பதிகம் தோழியின் குரல். இவள் மீது இனி உங்களுக்கு ஆசை வேண்டா, விட்டுவிடுங்கள் என்று அவள் தாய்மாரிடம் கூறுகிறாள். ஏழாம் பத்தில் தென்திருப்பேரையைப் பாடும்போது தலைவியே வாய் திறந்து, தான் அவ்வூருக்குச் செல்வதை எவராலும் தடுக்க இயலாது என்கிறாள்.

தாய், தோழி, மகள் ஆகிய மூவர் குரலையும் ஒரே ஆழ்வார் தம் திருவாக்கில் ஏற்றுப் பாடியிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. புறப்படுபவளின் உறுதியைப் பாடியவரே, வீட்டில் நிற்பவளின் கண்ணீரையும் பாடினார். ஹெஸ்ஸேயின் நாவலிலும் இவ்விரண்டும் உள. எனினும் சித்தார்த்தன் தன் தந்தையின் கண்ணீரை அறிவதற்குத் தானே தந்தையாகி, தானே கைவிடப்பட வேண்டியிருந்தது. நாவலின் முற்பகுதியோடு நின்றுவிடும் மாணவன் கலகத்தை மட்டும் கற்கிறான். பிற்பகுதியையும் கற்பவன், தேரடியில் தன்னைத் தேடிக்கொண்டு நிற்கும் தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. திருக்கோளூருக்குச் சென்ற மகளுக்குத் தான் யாரிடம் செல்கின்றாள் என்பது தெரியும். சித்தார்த்தனுக்கு, எதனை விட்டுச் செல்கின்றான் என்பது தெரிந்தது. எவரிடம் செல்வது என்பது நெடுநாள் தெரியவில்லை. ஆதலின் பிள்ளை புறப்படுகின்றான் என்று பெற்றோர் கலங்குவதினும், அவன் யாரை நோக்கிப் புறப்படுகின்றான் என்று அன்போடு வினவுதல் பயனுடையது.

இரண்டாம் வினா: ஆசான் வேண்டுமா?

கோதமரையே ஆசானாக ஏற்க மறுத்தான் சித்தார்த்தன். ஆகவே ஆசானே வேண்டா என்பது நூலின் முடிவு என்று மாணவன் கருதுகிறான். நூலோ அங்கே முடியவில்லை. ஆசான் வேண்டா என்று நடந்தவன் நகரத்தில் வணிகனுக்கும் சூதுக்கும் மாணவனாயினான். இறுதியில் ஓர் ஓடக்காரரின் குடிசையில் துடுப்புச் செய்யவும், விறகு வெட்டவும், வாய்மூடிச் செவிகொடுக்கவும் கற்றான். ஆசானை அவன் ஒழித்துவிடவில்லை. ஆசான் இன்ன கோலத்தில்தான் வருவார் என்னும் எண்ணத்தை ஒழித்தான்.

இவ்விடத்தில் திருக்கோளூரில் அவதரித்த மதுரகவியாழ்வாரின் வரலாற்றை ஒப்பிட்டுக் காண்க. அவர் கற்றுத் துறைபோகியவர், வயதில் மூத்தவர், வடநாட்டுத் திருப்பதிகளை நாடிச் சென்றவர். அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஓர் ஒளி தோன்றக் கண்டு, அதனைத் தொடர்ந்து நாடெல்லாம் கடந்து, தம் சொந்த ஊரின் அருகிலேயே உள்ள திருக்குருகூரை வந்தடைந்தார் என்று குருபரம்பரை கூறுகின்றது. அங்கே திருப்புளியாழ்வாரின் அடியில், பிறந்தது முதல் அழாமலும் உண்ணாமலும் பேசாமலும் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் வீற்றிருந்தார் சடகோபர்.

மதுரகவிகள் ஒரு கல்லை எடுத்துப் போட்டு அவரை விழிக்கச் செய்து ஒரு வினாவைக் கேட்டார். உயிரற்றதாகிய உடலிலே நுண்ணியதாகிய உயிர் வந்து பிறந்தால், எதனை நுகர்ந்து எங்கே இருக்கும் என்பது வினாவின் கருத்து. அதனையே நுகர்ந்து அங்கேயே இருக்கும் என்பது விடையின் கருத்து. அவ்வளவே உரையாடல். முதிர்ந்த புலவர், பதினாறு வயதினரின் திருவடியில் விழுந்தார். அதன்பின் அவர் வேறு தெய்வத்தையும் நாடவில்லை. கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் பதினொரு பாசுரங்களிலும் தம் ஆசார்யனையே பாடினார்.

கல்வியின் செருக்கு கழன்று விழுவதே இவ்விரு வரலாறுகளுக்கும் பொது. ஒருவர் தம்மினும் இளையவரிடமும், மற்றவன் கல்லாத ஓடக்காரரிடமும் அதனைக் கழற்றிவைத்தனர். திருக்கோளூரில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் இதற்குச் சான்று. எல்லோரும் நாடிப் புகும் அவ்வூரை விட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வெளியேறக் கண்ட எம்பெருமானார், காரணம் கேட்டார். அவள் பெரியோர்கள் செய்த அருஞ்செயல்களை 81 வாக்கியங்களாக அடுக்கி, அவர்களுள் எவரைப்போலவும் தான் ஏதும் செய்திலளே என்று வருந்தினாள். பெரும்பாஷ்யம் செய்தருளிய ஆசார்யர் வழியில் நின்று அப்பெண்பிள்ளையின் சொல்லைக் கேட்டு உகந்தார். அவள் இல்லத்தில் அமுதும் செய்தார் என்பர். கேட்கத் தெரிந்தவருக்கு வழிப்போக்கரும் ஆசிரியரே.

மூன்றாம் வினா: சொல்லால் பயன் உண்டா?

அறிவைச் சொல்லால் அளிக்கலாம், ஞானத்தை அளிக்க இயலாது என்பது சித்தார்த்தன் முதுமையில் கோவிந்தனுக்குக் கூறும் கருத்து. மாணவனின் மூன்றாம் வினா இதனின்று பிறக்கின்றது: எனில் ஓதுதல் வீணன்றோ?

இதற்கு விடை நாதமுனிகளின் வரலாற்றில் உள்ளது. திருவாய்மொழி 1102 பாசுரங்கள் கொண்டது. ஒரு காலத்தில் அது நாட்டில் வழங்காமல் மறைந்திருந்தது. காட்டுமன்னார்கோயிலில், வந்த அடியார்கள் ஒரே ஒரு பதிகத்தைச் சேவிக்கக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என்று தேடித் திருக்குருகூர் வந்தார். அங்கே மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாசர், தமக்குத் தெரிந்தது கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே என்றார். அப்பதினொரு பாசுரங்களை நாதமுனிகள் திருப்புளியடியில் 12,000 முறை ஓதினார். ஆழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார் என்பது ஸம்ப்ரதாயம்.

சொல் தானே ஞானமாகி விடுவதில்லை என்பதை இவ்வரலாறும் ஒப்புக்கொள்கின்றது. 12,000 முறை ஓதிய பின்னும் அருளியவர் ஆழ்வாரே. ஆயினும் சொல்லாகிய ஓடத்தில் ஏறாமல் நாதமுனிகள் அக்கரை சேரவில்லை. ஓடம் அக்கரையன்று, அதனால் ஓடத்தை உடைத்துவிடுவார் உண்டோ? அதே ஊரில், காலத்தால் சிதைந்து காடாய்க் கிடந்த ஆழ்வார் சந்நிதியைச் சீர்செய்து மீண்டும் வழிபாட்டுக்குக் கொணர்ந்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. அவருடைய மாணாக்கராய் அமர்ந்து கற்றவர் மணவாள மாமுனிகள். ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுவந்த இந்தத் தொடர் ஓரிடத்தில் அறுந்திருந்தால், இன்று மறுப்பதற்கேனும் மாணவனுக்குப் பாசுரம் கிடைத்திராது.

நாவலிலும் இதற்கு ஒரு குறிப்பு உண்டு. தாம் கரை சேர்த்த ஆயிரக்கணக்கான மக்களுக்கு அந்த ஆறு வழியை மறிக்கும் தடையாகவே இருந்தது என்றும், மிகச் சிலரே நின்று அதன் குரலைக் கேட்டனர் என்றும் வாசுதேவர் கூறுகின்றார். நவதிருப்பதிகளையும் ஒரே நாளில் வண்டியேறிச் சுற்றிவரும் யாத்ரிகர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம். தாமிரபரணியின் பாலங்களைக் கடப்பது எளிது. பாசுரத்தையும் அங்ஙனமே கடந்துவிட இயலும். வாய் ஓதினாலும் செவி கேளாதிருந்தால், மாணவனின் வினா அவனுடையது மட்டுமன்று. ஓதுவோர் ஒவ்வொருவரையும் நோக்கிய வினாவாகும்.

நான்காம் வினா: தன்னைக் கண்டறிதல் என்பது யாது?

இதுவே நூலின் உயிர்நாடி. சித்தார்த்தன் நாடியது தன்னையே. வைணவ நூல்களும் தன்னை அறிதலை வற்புறுத்துகின்றன. அர்த்தபஞ்சகம் என்று பெரியோர் வகுத்த ஐந்து பொருள்கள், இறைநிலை, உயிர்நிலை, அடையும் வழி, வழியிலுள்ள தடை, அடையும் பயன் என்பன. இவற்றுள் உயிர்நிலையை அறிதல் இரண்டாவது. எனினும் உயிரைத் தனியே பிரித்து அறிதல் இயலாது என்பது நம் ஆசார்யர்களின் துணிபு. உயிர் எம்பெருமானுக்கு உடலாய், அவனுடைய உடைமையாய் இருப்பது. தன்னைத் தேடிப் போனவன், தன்னை உடையவனையே காண்கின்றான்.

நாவலின் முடிவில் சித்தார்த்தன் ஒரு கல்லைக் கையிலெடுத்து, இதுவும் வழிபடத்தக்கதே என்கிறான். எல்லாம் ஒன்றே என்னும் உணர்வால் அவன் அக்கல்லை நேசிக்கிறான். திருவாய்மொழி நான்காம் பத்தில் ஆழ்வார் காட்டும் மகளும் மண்ணைக் கையால் அளைந்து நெகிழ்கிறாள். இது வாமனன் அளந்த மண் என்பதே அவள் நெகிழ்ச்சிக்குக் காரணம். வானைக் காட்டி அவன் இருக்கும் வைகுந்தம் என்கிறாள். ஒருவன் கல்லைக் கல்லாகவே கண்டு வணங்குகிறான். மற்றவள் மண்ணில் உடையவனின் அடிச்சுவட்டைக் கண்டு உருகுகிறாள். மேலைநாட்டு ஆசிரியரின் கொள்கை வேறு, வைணவக் கொள்கை வேறு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வாசுதேவன், கோவிந்தன், கமலா என்று அவர் வைத்த பெயர்கள் திருமாலையும் திருமகளையும் நினைப்பூட்டுகின்றன. பெயரொப்புமை கொண்டு அவரை வைணவராக்குதலும் தகாது. ஆயினும் தூய நாட்டத்தோடு புறப்பட்ட ஒருவன் எத்துணைத் தூரம் நடக்க இயலும் என்பதை அவர் காட்டியிருக்கிறார். அஃது அருமையே.

எஞ்சிய தூரம் எப்படிக் கடக்கப்படும்? இங்கேதான் அருள் என்னும் சொல் வருகின்றது. ஆற்றங்கரையில் உயிர்விடத் துணிந்தவனைத் தடுத்த பிரணவத்தைச் சித்தார்த்தன் முயன்று வருவித்தானா? இல்லை. அவன் முயற்சியெல்லாம் ஓய்ந்த பின்னரே அஃது எழுந்தது. மதுரகவிகள் அயோத்தியில் கண்ட ஒளியும் அவர் ஏற்றியதன்று. தேடுபவன் தானே கண்டதாக எண்ணுகின்றான். உண்மையில் அவனைத் தேடிக்கொண்டு மற்றொருவன் முன்னரே புறப்பட்டிருக்கின்றான். எம்பெருமான் உயிரைப் பெறுவதற்குச் செய்யும் முயற்சி, உயிர் அவனைப் பெறச் செய்யும் முயற்சியினும் பெரிது என்பது ஆசார்யர்களின் திருவுள்ளம். உழவன் நிலத்தைத் தேடுவதன்றி நிலம் உழவனைத் தேடுவதுண்டோ?

ஆறு அளித்த ஆசான்

நாவலில் ஆறே ஆசானாகின்றது. திருக்குருகூரில் ஆறு, ஆசானின் திருமேனியையே அளித்தது. ஆழ்வாரைப் பிரிய மாட்டாத மதுரகவிகள், நித்தம் வழிபட ஒரு திருவுருவம் வேண்டினார். தாமிரபரணியின் நீரைக் காய்ச்சுமாறு ஆழ்வார் பணித்தார். காய்ச்சிய நீரில் முதலில் வேறொரு திருவுருவம் தோன்றியது. அது பின்னாளில் அவதரிக்கவிருக்கும் இராமாநுசருடையது என்று அருளிச்செய்யப்பட்டது. மீண்டும் காய்ச்சியபோது ஆழ்வாரின் திருவுருவம் கிடைத்தது. இது தலவரலாறு. ஓடும் நீரில் நேற்றும் இன்றும் நாளையும் ஒருங்கே இருப்பதாகச் சித்தார்த்தன் ஓடத்திலிருந்து உணர்ந்தான். வாழ்ந்த ஆசானையும் வரப்போகும் ஆசானையும் ஒரே நீரில் கண்டது குருகூர்.

ஆற்றின் குரலில் இன்பம் மட்டும் ஒலிப்பதில்லை. 2023 டிசம்பரில் பொருநை கரைபுரண்டபோது ஸ்ரீவைகுண்டம் பகுதி வெள்ளத்தால் சூழப்பட்டது. இரயில் பயணிகள் நிலையத்திலேயே சிக்கித் தவிக்க, அண்மையிலிருந்த கிராம மக்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்தனர். அழுகையும் அன்பும் ஒரே ஆற்றின் குரல்கள் என்பதை நெல்லை மக்கள் நூலில் கற்க வேண்டியதில்லை.

நிறைவு

நாவலின் இறுதிக் காட்சியை மாணவன் மீண்டும் ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். வாழ்நாள் முழுதும் உபதேசம் கேட்ட கோவிந்தனுக்குச் சொல்லால் கிட்டாத ஒன்று, நண்பனின் நெற்றியைத் தொட்ட கணத்தில் கிட்டியது. ஆசான் வேண்டா என்ற சித்தார்த்தனே முடிவில் மற்றொருவனுக்கு ஆசானாகிவிட்டான். ஞானத்தைக் கற்பிக்க இயலாது என்று தொடங்கிய நூல், அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் காட்சியோடு முடிகின்றது.

திருக்கோயிலில் அம்மாணவன் வரிசையில் நகர்ந்து சந்நிதி முன் வருகின்றான். தீர்த்தமும் துளசியும் பெற்றபின் அவன் குனிகின்றான். அவன் தலைமீது சடாரி வைக்கப்படுகின்றது. எம்பெருமானின் திருவடி நிலையாகிய அதற்குச் சடகோபம் என்று பெயர். குருகூரில் புளியடியில் அமர்ந்திருந்தவரின் திருநாமமே அது. கற்றவன், கல்லாதவன், நம்பியவன், ஐயுற்றவன் என்று அது கேட்பதில்லை. குனிந்த தலை ஒவ்வொன்றின் மீதும் ஒரு கணம் தங்கிச் செல்கின்றது. தன்னைத் தேடி எத்தனையோ பக்கங்களைப் புரட்டியவனை, ஆழ்வார் தாமே வந்து தொட்டருளும் கணம் அது.

வெளியே கோஷ்டி இன்னும் சேவித்துக்கொண்டிருக்கின்றது. தந்தையார் அதில் நிற்கின்றார். மாணவன் கைப்பையிலுள்ள நூலைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. ஓடக்காரர் அதில் கற்பித்த ஒன்றை மட்டும் இங்கே செய்து பார்த்தால் போதும்: தந்தையின் அருகில் சென்று நின்று, வாய்மூடிக் கேட்பானாக. கேட்கக் கேட்க, தன் வினாக்களை முன்னரே ஒருவர் கேட்டுப் பாடி வைத்திருப்பது அவனுக்குத் தெரியவரும். விழாக் காண வந்த அன்பர்கள் அனைவருக்கும் அச்செவிப்பேறு வாய்க்க, பொலிந்துநின்ற பிரான் திருவருள் புரிவானாக.